ஃபேமஸா, எமினன்ட்டா, ரெப்யூட்டடா: பெரிய ஆளுங்களைப் பத்தி இங்கிலீஷ்ல எழுத எந்த வார்த்தை சரி?

மேடையில ஒருத்தரை அறிமுகம் பண்ண இங்கிலீஷ்ல நாலு வரி எழுதணும், இல்ல ரெகமண்டேஷன் லெட்டர் ஒண்ணு, இல்ல இரங்கல் குறிப்பு ஒண்ணு எழுதணும்னு வெச்சுக்கங்க, கை முதல்ல போறது ஃபேமஸ்ங்கற வார்த்தைக்குத்தான். அது ரொம்ப சாதாரணமா இருக்கேன்னு தோணுச்சுன்னா எமினன்ட், ரினௌண்ட், ப்ராமினன்ட்னு கண்ணுல பட்ட ஒண்ணைத் தூக்கி வெச்சுடுறோம், எல்லாத்துக்கும் அர்த்தம் "புகழ்பெற்ற" தானேன்னு. ஆனா இதெல்லாம் சின்னது பெருசுன்னு ஒரே வரிசையில நிக்கிற வார்த்தைங்க கிடையாது. எத்தனை பேருக்குத் தெரியும்னு சிலது சொல்லும், யாருக்குத் தெரியும்னு சிலது சொல்லும், எதுக்காகத் தெரியும்னு சிலது சொல்லும். இதைப் பார்க்காம வார்த்தையைப் போட்டா, பாராட்டணும்னு எழுதுனது தப்பா போய் உக்காந்துடும்.

ஃபேமஸுக்கும் பாப்புலருக்கும் உள்ள வித்தியாசம் சீக்கிரமா முடிஞ்சுடும். ஃபேமஸ்னா நிறைய பேருக்குத் தெரியும், அவ்வளவுதான். பாப்புலர்னா ஜனங்களுக்குப் பிடிக்கும். உலகத்துக்கே தெரிஞ்ச தலைவர் எலெக்‌ஷன்ல தோக்கலாம், அவர் ஃபேமஸ் ஆனா பாப்புலர் இல்ல. ஸ்கூலுக்கு வெளிய பேரே தெரியாத ஒரு டீச்சர் உள்ள இருக்குற பசங்களுக்கு உசுரா இருக்கலாம், அவங்க பாப்புலர் ஆனா ஃபேமஸ் இல்ல. செலிப்ரிட்டின்னா அந்த ஆள் எங்க போனாரு என்ன போட்டுக்கிட்டாருங்கறதே செய்தியா ஆகிடுற நிலைமை, அதனால ஒரு விஞ்ஞானியையோ நீதிபதியையோ செலிப்ரிட்டின்னு எழுதுனா அது மரியாதையா படாது.

எமினன்ட்டுதான் என்னைப் பொறுத்தவரை இருக்குறதுலயே அருமையான வார்த்தை, அதிகமா வீணாகுறதும் அதுதான். லத்தீன் வேர்ல இதுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிறதுன்னு அர்த்தம், அதாவது தன் துறையில இருக்குற மத்தவங்களுக்கு நடுவுல தலை உசந்து தெரியற ஆள். அங்க மதிப்புப் போடுறது ரோட்ல போறவங்க இல்ல, அதே வேலையைத் தெரிஞ்சவங்க. க்ளாட் ஷானனை எடுத்துக்கங்க, 1948ல அவர் எழுதுன தகவல் கோட்பாட்டுக் கட்டுரை மேலதான் இன்னைக்கு போன்ல இருந்து இன்டர்நெட் வரைக்கும் நிக்குது, ஆனா பேரைச் சொன்னா பத்துல ஒம்போது பேரு யாருன்னு கேப்பாங்க. அவரை ஃபேமஸ்னு சொன்னா பொருந்தாது, எமினன்ட்னா கச்சிதமா உக்காரும். ஐன்ஸ்டைனுக்கு ரெண்டுமே பொருந்தும். படிப்பு, சட்டம், மருத்துவம், அறிவியல் மாதிரி இடங்கள்ல இந்த வார்த்தை இயல்பா வரும், எமினன்ட் ஃபுட்பால் ப்ளேயர்னு எழுதுனா காதுல இடிக்கும், அங்க க்ரேட்டோ ரினௌண்டோ போடுங்க. இமினன்ட்னு இன்னொரு வார்த்தை இருக்கு, அதுக்கு இப்பவோ அப்பவோ நடக்கப்போறதுன்னு அர்த்தம், ஸ்பெல்லிங் மாறுனா ஸ்பெல்செக் காட்டிக் குடுக்காது.

டிஸ்டிங்க்விஷ்ட் பக்கத்துலயே வரும் ஆனா அதுல வருஷங்களோட கனம் இருக்கு, நீண்ட சேவை, விருது, பதவின்னு ஒரு வரலாறு வேணும், அதனால இப்பதான் வேலையை ஆரம்பிச்சு கலக்குற ஒரு சின்னப் பொண்ணுக்கு இது செட் ஆகாது. முக்கியமா ப்ரொஃபசருக்கு முன்னாடி இதைச் சும்மா போடாதீங்க, நிறைய யுனிவர்சிட்டிகள்ல டிஸ்டிங்க்விஷ்ட் ப்ரொஃபசர்ங்கறது நிஜமாவே ஒரு பதவி, இல்லாத பதவியைக் குடுத்த மாதிரி ஆகிடும். ரினௌண்ட் வந்து புகழ் ஊர் தாண்டிப் பரவுனதைச் சொல்லும், கூடவே ஃபார் போட்டு எதுக்காகன்னு சொன்னாதான் அதுக்கு உயிர் வரும். கடைசில ஈ டி விட்டுட்டு ரினௌன் சயின்டிஸ்ட்னு எழுதறது எங்க பாத்தாலும் கண்ணுல படுற தப்பு.

ப்ராமினன்ட்டும் இன்ஃப்ளூயன்ஷியலும் ஒண்ணுன்னு நெனைக்கிறவங்க ஜாஸ்தி. ப்ராமினன்ட்னா கண்ணுக்குத் தெரியற இடத்துல இருக்கறவர், நாற்காலி போச்சுன்னா வார்த்தையும் போயிடலாம். இன்ஃப்ளூயன்ஷியல்னா மத்தவங்க முடிவை மாத்தக்கூடியவர், அவரு வெளிய தெரியணும்னே அவசியமில்ல. 17ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல ராஜாவோட தலைமை அமைச்சரா இருந்த கார்டினல் ரிஷல்யூவுக்குப் பின்னாடி இருந்து ஆலோசனை சொன்ன பாதர் ஜோசஃபை சாம்பல் நிற எமினென்ஸ்னு சொன்னாங்க, கார்டினலுக்கு, அதாவது கத்தோலிக்க சபையில போப்புக்கு அடுத்த நிலையில இருக்குற குருவுக்கு, எமினென்ஸ்ங்கறது மரியாதைப் பட்டம், இவரு பதவில கார்டினல் இல்ல, சாம்பல் அங்கி போட்ட துறவி, ஆனா செல்வாக்கு மட்டும் அந்த அளவுக்கு. இன்னைக்கும் திரைக்குப் பின்னாடி இருந்து ஆட்டிவைக்கிறவங்களுக்கு இங்கிலீஷ்ல அந்தப் பேருதான்.

இப்ப ரெப்யூட்டடுக்கு வர்றேன், வேலைக்கு அப்ளை பண்றவங்க இதைக் கட்டாயம் கவனிக்கணும். நம்ம இந்திய இங்கிலீஷ்ல ரெப்யூட்டட் கம்பெனின்னா நல்ல பேரு எடுத்த கம்பெனின்னு ரொம்ப காலமா புழங்குது, இங்க அதுல குழப்பம் இல்ல. ஆனா பிரிட்டிஷ்காரரோ அமெரிக்கரோ படிச்சா அவருக்கு ரெப்யூட்டட்னா "அப்படின்னு சொல்லிக்கிறாங்க"ன்னுதான் முதல்ல தோணும், நிரூபணம் இல்லாத விஷயத்துக்கு முன்னாடி பேப்பர்ல போடுவாங்களே அந்த மாதிரி, ரெப்யூட்டட் கேங் லீடர்னு. ரெப்யூட்டட் டாக்டர்னு நீங்க மனசார எழுதறீங்க, அவரு படிக்கிறது "டாக்டர்னு சொல்லிக்கிறாங்க". வெளிநாட்டுக்கு அனுப்பற எதுலயும் ரெப்யூட்டபிள்னு போடுங்க, இல்ல வெல் ரிகார்டட்னு போடுங்க, ரெண்டுமே சுத்தமா நிக்கும்.

ஒரு டாக்டரைப் பத்தியே எழுதிப் பாக்கலாம். ஃபேமஸ் கார்டியாலஜிஸ்ட்னா டிவில அடிக்கடி வர்றவர் மாதிரி தோணுது. எமினன்ட்னா மத்த டாக்டருங்க சந்தேகம் கேக்கப் போற ஆள். ப்ராமினன்ட்னா சங்கத்துல பொறுப்புல இருக்கறவர். எனக்குத் தெரிஞ்சு அவங்க குடும்பம் படிச்சு சந்தோஷப்படறது ரெண்டாவதுதான், ஆனா அது உண்மையா இருந்தா மட்டும் போடுங்க.

கெட்ட பேருக்கு ரெண்டு வார்த்தை, நொட்டோரியஸ், இன்ஃபமஸ். பாராட்டற இடத்துல ரெண்டுமே வரக்கூடாது, இன்ஃபமஸ்னா ஃபேமஸ் இல்லாதவர்னும் அர்த்தம் கிடையாது, சொல்லும்போதும் நடுவுல ஃபேமஸ் கேக்காது, முதல் அசையை அழுத்தி இன்-ஃபமஸ்னு சொல்லணும். அல் கபோன் நொட்டோரியஸ், 1931ல வரி ஏய்ப்புக்காக தண்டிக்கப்பட்ட கேங்ஸ்டர். நொட்டோரியஸை லேட்டா வர்ற பழக்கம் மாதிரி சின்னக் குறைக்கும் சொல்லலாம். இன்ஃபமஸ்ல அவமானத்தோட கனம் இருக்கு. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்னைக்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தாக்குதல் நடந்த தேதியைச் சொல்ல எடுத்தது இதே குடும்பத்துல வர்ற இன்ஃபமிங்கற வார்த்தையைத்தான், நொட்டோரியஸை அந்த இடத்துல வெச்சா அந்தக் கோபம் இறங்கிடும்.