650 சொல்லுக்குள் கட்டுரை: எழுதிவிட்டு வெட்டுவதா, அளந்து எழுதுவதா?

வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் பலர் இடறுவது சொல் வரம்பில்தான். அமெரிக்காவின் காமன் ஆப் (ஒரே படிவத்தில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் தளம்) கட்டுரைக்கு 250 முதல் 650 சொற்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்வி தரும்; நான்குக்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்கு மிகாமல். பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் சொற்களை எண்ணாது. இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து மொத்தம் 4000 எழுத்து.

முதல் வழி, 900, 1000 சொல் வரை மனம்போல் எழுதிவிட்டு வெட்டுவது. 650 சொல் கட்டுரைக்கு இதுவே சிறந்தது என்பது எங்கள் உறுதியான கருத்து. சொல்ல வந்த விஷயம் பெரும்பாலும் நாலாவது பத்தியில்தான் தலைகாட்டும். அதுவரை எழுதிப் பார்த்தால்தான் அது கிடைக்கும். பென்னாகரம் பக்கத்து ஊர்களில் போர்வெல் தண்ணீரின் ஃபுளோரைடு அளவைச் சோதித்த மாணவி என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தி ஒகேனக்கல் அருவி, இரண்டாவது மாவட்டத்தின் வறட்சி, மூன்றாவது ஃபுளோரைடு பற்றிய பாடம். அவள் வருவதே நாலாவதில்தான். முதல் இரண்டையும் முழுசாக எடுத்துவிட்டு, மூன்றாவதை ஒரே வாக்கியமாக்கினால் 300 சொல் மிச்சம். பாட்டியின் பல்லில் படிந்த பழுப்புக் கறையும், சோதனையில் வந்த அளவும் இருந்தே ஆக வேண்டும்.

பலர் செய்வது நேர்மாறு. பத்திகளைத் தொடாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்லைப் பிடுங்குகிறார்கள். அது போதாதபோது ஊர்ப்பெயரும் அளவும் போய்விடுகின்றன. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கட்டுரை மிஞ்சுகிறது. சொல் சொல்லாகக் களைவது கடைசி 40, 50 சொல்லுக்கு மட்டும்தான் உதவும். 'ட்யூ டு த ஃபேக்ட் தட்' இருக்கும் இடத்தில் 'பிகாஸ்' போட்டால் நாலு சொல் மிச்சம்.

இரண்டாவது வழி, அளந்து எழுதுவது: நிகழ்ச்சிக்கு 80, செய்த வேலைக்கு 170, அதிலிருந்து புரிந்ததற்கு 100. 350 சொல் பதிலுக்கு இதுதான் சரி. 650 சொல்லில் எழுதியதைச் சுருக்கி இங்கே போட்டால் எலும்பு மட்டும் மிஞ்சும். ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு புதிதாகவே எழுதுங்கள்.

தமிழில் எழுதிப் பிறகு ஆங்கிலமாக்குவோர் 400 சொல்லில் நிறுத்திக்கொள்வது நல்லது. நம் விகுதிகள் அங்கே தனித்தனிச் சொல்லாகப் பிரியும். 400 எளிதில் 600ஐத் தொட்டுவிடும்.

எந்த வழியில் எழுதினாலும் விண்ணப்பப் பெட்டியில் ஒட்டி, அது காட்டும் எண்ணிக்கையைப் பாருங்கள். வேர்டு காட்டுவதும் அதுவும் சில சமயம் ஒத்துப்போகாது. 580 சொல்லில் விஷயம் முடிந்துவிட்டால் 650 வரை இழுக்கத் தேவையில்லை. வெட்டிய பத்தியை விண்ணப்பத்தின் கூடுதல் தகவல் பகுதியில் ஒட்டிவிடாதீர்கள்: மதிப்பெண் சரிவு, குடும்பச் சூழல் போன்றவற்றை விளக்கத்தான் அந்த இடம்.