சில நேரம் மட்டும் செல்ஃப் எடுக்காத கார்: பாகம் மாற்றுவதா, ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

ஒருபோதும் எடுக்காத வண்டியில் கோளாறைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. கோளாறு எங்கும் போய்விடாது. இருபது தடவை ஒழுங்காக எடுத்துவிட்டு, இருபத்தோராவது தடவை ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும் வண்டிதான் ஆளை அலைக்கழிக்கும். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு பெட்ரோல் காரோடு எட்டு மாதம் மல்லுக்கட்டினேன். மூன்று வழிகளையும் வரிசையாக முயன்று பார்த்தாயிற்று. மூன்றாவதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேட்டரியை மாற்று, தீரவில்லையா, செல்ஃப் மோட்டாரை மாற்று, அதற்கும் மசியவில்லையா, சாவி ஸ்விட்சை மாற்று. பேட்டரிக்கு வயதாகியிருந்தால் இது தப்பான தொடக்கம் என்று சொல்ல மாட்டேன். வண்டி சில மணி நேரம் ஓய்ந்து நின்றபிறகு 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12-க்குக் கீழே காட்டினால் அதில் சார்ஜ் அநேகமாக இல்லை. முழு சார்ஜ் ஏற்றியபிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையே சந்தேகிக்கலாம்.

ஆனால் விட்டுவிட்டு வரும் கோளாறில் இந்த வழிக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. புது பேட்டரி போட்ட பிறகு என் வண்டி மூன்று வாரம் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. தீர்ந்தது என்றே நம்பினேன். நாலாவது வாரம் பழையபடி ‘டக்’. பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது ஒயர்கள் அசைந்திருக்கின்றன, எங்கோ இருந்த மோசமான இணைப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. எந்தப் பாகத்தை மாற்றினாலும் அதைச் சுற்றியுள்ள ஒயர்களைத் தொடாமல் முடியாது. அதனால் குணமானது பாகத்தாலா, ஒயர் அசைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் காத்திருந்துதான் பதில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, வண்டியைப் பணிமனையில் விட்டு, வண்டியின் கணினி பதிந்துவைத்த பிழை எண்களைப் (கோடு) படிக்கும் ஸ்கேனர் போடச் சொல்வது. இரண்டு நாள் விட்டேன். அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு தடவையும் எடுத்தது. “இப்ப நல்லாத்தானே எடுக்குது சார், கோடு ஒண்ணும் இல்ல” என்றார் மெக்கானிக். அவர் மேல் தவறில்லை. வண்டியின் கணினி தன் சென்சார்களையும் தான் இயக்கும் சர்க்யூட்டுகளையும்தான் கவனிக்கிறது. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரின் போல்ட் தளர்ந்தால் அதைப் பதிவு செய்ய அங்கே ஏதும் இல்லை.

இஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் கதை வேறு. இஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூடானபின் செயலிழந்து, ஆறியதும் பிழைத்துக்கொள்வது பலமுறை பார்க்கப்பட்ட கோளாறு. அதற்குப் பெரும்பாலும் பி0335 போன்ற ஒரு கோடு விழும். அங்கே ஸ்கேனர்தான் முதல் கருவி. ஆகவே மறுக்கும்போது இஞ்சின் சுற்றுகிறதா இல்லையா என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சுற்றவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் ரிலே (செல்ஃபுக்கு மின்சாரம் திறந்துவிடும் சிறு ஸ்விட்ச்), சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச் என்று ஒரு பக்கம் போகும். ‘டக்’ கேட்டும் சுற்றவில்லை என்றால் தடித்த ஒயர், இணைப்பு, செல்ஃப் மோட்டார் பக்கம் போகும். என்னுடையது இரண்டாவது ரகம்.

இனி மல்டிமீட்டர், அதாவது வோல்ட், ஓம், ஆம்பியர் அளக்கும் சிறு கருவி. இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்றால், இந்தக் கோளாறு சில நொடிதான் வெளியே தலைகாட்டும். அந்த நொடியில் வண்டிக்குப் பக்கத்தில் இருக்கப்போவது மெக்கானிக் இல்லை, நாம்தான். இருக்கையின் அடியில் கிடக்கும் மீட்டர் அப்போது கைக்கு எட்டும். பணிமனையின் விலையுயர்ந்த கருவி எட்டாது.

ஓம் அளக்கும் நிலையில் வைத்து ஒயரைச் சோதிப்பதில் பயனில்லை. பத்து இழையில் ஒன்பது அறுந்த ஒயரையும் அது நல்ல ஒயர் என்றே காட்டும். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் வெறும் 0.01 ஓம் கூடுதலாக இருந்தாலே 1.5 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். சாதாரண மீட்டரின் ஒயருக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. ஆகவே மின்சாரம் ஓடும்போது எத்தனை வோல்ட் எங்கே காணாமல் போகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழ் மேல் அழுத்த வேண்டும். குமிழைக் கவ்வியிருக்கும் ஒயர் கிளாம்பின் மேல் வைத்தால் குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே உள்ள கோளாறு தப்பித்துவிடும். இன்னொரு முனை இஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில். கியர் நியூட்ரலில், கை பிரேக் போட்டு, ஒயர்கள் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். மீட்டரை ஆம்பியரில் மட்டும் வைத்துவிடக் கூடாது. சாதாரண மீட்டர் 10 ஆம்பியர்தான் தாங்கும். எர்த் பக்கம், அதாவது நெகட்டிவ் குமிழிலிருந்து இஞ்சின் வரை, 0.2 வோல்ட்டுக்குள்ளும், பேட்டரி பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்குள்ளும் இருந்தால் ஒயர்கள் நன்றாக இருக்கின்றன. மோட்டாரின் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே முழு 12 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் குற்றவாளி மோட்டாரேதான். அப்போது மாற்றினால் வீணாகாது.

என் வண்டி ஒரு மாலை, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மறுத்தது. ஹெட்லைட் மங்கவே இல்லை. பேட்டரி தளர்ந்திருந்தால் சாவியைத் திருப்பியதும் வெளிச்சம் சுருங்கியிருக்கும். மகளைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு எர்த் பக்கம் முனைகளை வைத்தேன். மீட்டர் 8 வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரியில் இருந்ததில் பெரும்பகுதி எர்த் ஒயரிலேயே நின்றுவிட்டது. சந்தேகம் தீர, ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இஞ்சின் பிளாக்கிலும் கவ்வினேன். மறுநொடியே செல்ஃப் எடுத்தது.

அந்த எர்த் ஒயர் கியர்பாக்ஸில் சேரும் போல்ட்டின் தலை வெளியே பளிச்சென்றிருந்தது. கழற்றிப் பார்த்தால் லக்கின் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) அடிப்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு, அது உட்காரும் இடத்தில் துரு. உப்புத்தாளால் இரண்டையும் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட். மூன்று வாரம் காத்திருக்கத் தேவையில்லாமல், சரியாகிவிட்டது என்று அந்த நிமிடமே தெரிந்தது. முதல் இரண்டு வழிகளும் இதைத் தரவில்லை.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் எனக்குக் கை பழக்கம் குறைவு. அவற்றில் சாவியின் சிறு பேட்டரி, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், பிரேக் ஸ்விட்ச் எல்லாம் குறுக்கே வரும். ‘டக்’ சத்தமே வராத வண்டி என்றால் அங்கே ஸ்கேனர் உள்ளவரிடம் போவது நல்லது. ஆனால் செல்ஃப் ‘டக்’ என்று அடித்து நிற்கிற வண்டி எதுவானாலும், பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் அந்த இரண்டு அளவுகளையும் எடுத்துவிடுங்கள். மறுக்கும் நேரத்தில் எடுக்க முடிந்தால்தான் அவை பேசும். அதனால் மீட்டரை வீட்டில் வைக்காதீர்கள், வண்டியிலேயே இருக்கட்டும்.