விண்கப்பலை நடத்துவது கேப்டனா, கர்னலா?

1966-இல் வந்த அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் விண்கப்பல் எண்டர்பிரைஸ், சொல்வழக்கில் முழுக்கக் கடற்படைக் கப்பல்தான்: கேப்டன், பிரிட்ஜ் (கப்பலை நடத்தும் மேல்தளம்), ஹெல்ம் (திசைதிருப்பும் இடம்), பெயருக்கு முன்னால் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைப் போலவே யூ.எஸ்.எஸ். இத்தனைக்கும் அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். ஆனால் கதைக்குத் தேவைப்பட்டது ஐந்தாண்டுப் பயணம், 430 பேர், தலைமையகத்தின் பதிலுக்குக் காத்திருக்க முடியாத தூரம். அங்கே முடிவெடுக்கும் பொறுப்பு கேப்டனுக்கே. பாய்மரக் காலக் கடற்படை அப்படித்தான் இயங்கியது.

இன்னொரு விண்வெளித் தொடரான ஸ்டார்கேட் எஸ்ஜி-1-இல் பூமியின் கப்பல்கள் அமெரிக்க விமானப்படையுடையவை, கர்னல்கள் நடத்துகிறார்கள். நிகழ்காலக் கதைக்கு அது நம்பும்படி இருக்கிறது. நிஜமும் அந்தப் பக்கம்தான் போனது: 2019-இல் தொடங்கிய அமெரிக்க விண்வெளிப் படை, அதிகாரிகளுக்கு விமானப்படைப் பதவிப் பெயர்களையே வைத்துக்கொண்டது. அங்கே கேப்டன், கர்னலுக்கு மூன்று படி கீழே. கடற்படையிலோ கேப்டன் கர்னலுக்குச் சமம்!

சில மணி நேரம் பறந்து திரும்பும் சிறு கலத்துக்கு விமானப்படை வழக்கு சரி. மாதக்கணக்கில் ஆட்கள் உண்டு, உறங்கி, முறை மாற்றி வேலை பார்க்கும் கலம் என்றால் என் ஓட்டு கடற்படைக்குத்தான். ஸ்டார்கேட்டிலும்கூடக் கர்னல் உட்காருவது பிரிட்ஜில்தானே.