சீமை அத்தி வளர்ப்புத் தொகுப்பு: இரண்டு மழைக்காலம் கழிந்த பின் ஒரு மதிப்பீடு

இணையவழியில் வாங்கிய சீமை அத்தித் தொகுப்பு ஒன்றை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக மொட்டை மாடியில் வளர்த்து வருகிறேன். முழ உயரமுள்ள பிரவுன் டர்க்கி ரகக் கன்று, 40 லிட்டர் துணிப்பை, மண் கலவை, வளர்ப்பு முறையைச் சொல்லும் துண்டறிக்கை ஆகிய நான்கும் ஒரே பெட்டியில் வந்தன. பெட்டியைத் திறந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் பாராட்டி மட்டுமே எழுதியிருப்பேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அத்திக் கன்றை மழைக்காலத்துக்கு முன் எடைபோடுவது பயனற்றது என்பதால் காத்திருந்தேன்.

கன்றில் குறை சொல்ல எதுவுமில்லை. சீமை அத்தியின் எல்லா ரகங்களும் தாமாகப் பழுப்பவை அல்ல. ஸ்மிர்னா வகை மரத்தின் காய் பழுக்க வேண்டுமானால், ஆண் அத்தியிலிருந்து மகரந்தம் சுமந்து வரும் பிளாஸ்டோஃபாகா என்னும் சிறு குளவி காய்க்குள் நுழைந்தாக வேண்டும். அக்குளவி இல்லாத இடங்களில் காய்கள் முற்றாமலே வாடி உதிர்ந்துவிடும். பிரவுன் டர்க்கிக்கு அந்தத் தேவை இல்லை. பெயர்ச்சீட்டில் ஒரு ரகமும் வேரில் வேறு ரகமுமாக விற்பது நாற்றங்கால்களில் அரிதல்ல என்பதால் சற்றே ஐயத்துடன்தான் நட்டேன்; எட்டாம் மாதத்தில் இலைக்கணுக்களில் வந்த காய்கள் உதிராமல் பழுத்தபோது ஐயம் நீங்கியது. நடுவதற்காக வெட்டும் கிளைத்துண்டான போத்து வழியாகத் தாய்மரத்திலிருந்து கன்றுக்குத் தொற்றும், மருந்தே இல்லாத மொசைக் வைரஸின் மஞ்சள் திட்டுகளும் இதுவரை இலைகளில் தென்படவில்லை.

மண் கலவையைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. அதில் பெரும்பங்கு தென்னை நார்க்கழிவுதான். மாடிக்குத் தூக்கிச் செல்ல எளிதாக இருந்தாலும், தொடர்மழையில் நீரை வடியவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. வேரில் நீர் தேங்குவதை அத்தி பொறுக்காது. முதல் மழையின் இரண்டாம் வாரத்திலேயே அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கியதால், கன்றை வெளியே எடுத்து, தோட்டத்து மண், பெருமணல், மட்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து மீண்டும் நட்டேன். துணிப்பை வேருக்குக் காற்றோட்டம் தருகிறது, ஆனால் கோடையில் விரைவில் உலர்ந்துவிடுகிறது. காலையும் மாலையும் நீர் விட இயலாதவர்களுக்கு அது ஏற்றதல்ல. காய் பருக்கும் நேரத்தில் ஒருநாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றினால் பழம் வெடித்துப் புளித்துப்போகும்.

இத்தொகுப்பின் பெரிய குறை துண்டறிக்கை. உறைபனி தொடங்குமுன் மரத்தைச் சாக்கால் போர்த்த வேண்டும் என்று ஒரு பத்தி முழுவதும் அறிவுரை இருக்கிறது; உறைபனியே காணாத வெப்பமண்டலத்துக்கென்று விற்கும் பெட்டியில் அது எப்படி வந்தது என்பது விற்பனையாளருக்கே வெளிச்சம். இங்கு உண்மையில் அத்தியை வாட்டும் துருநோயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. செரோடீலியம் ஃபிசி என்னும் பூஞ்சையால் வரும் இந்நோயில், இலையின் மேற்புறத்தில் சிறு மஞ்சள் புள்ளிகளும் அடிப்புறத்தில் விரலில் ஒட்டும் துருநிறத் தூளும் தோன்றும். சில வாரங்களில் இலைகள் கொட்டி மரம் மொட்டையாகிவிடும். முதல் ஆண்டு எனக்கு நேர்ந்தது இதுவே. விற்பனையாளரிடம் படம் அனுப்பிக் கேட்டபோது அதே துண்டறிக்கையையே மறுபடி அனுப்பி வைத்தார்.

இரண்டாம் ஆண்டு, மழை ஓயும் தறுவாயில் கிளைகளை வெட்டிக் குறைத்துக் கவாத்து செய்து, உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் அகற்றினேன். பிரவுன் டர்க்கி புதுத்தளிரில் காய்ப்பது. குளிரால் உறக்கம் கொள்ளாத வெப்பமண்டல மரத்துக்குப் பருவத்தை வகுத்துக் கொடுப்பது கவாத்துதான். புது இலைகள் வறண்ட மாதங்களில் விரிந்ததால் துருநோய் ஆங்காங்கே புள்ளியளவில் நின்றுவிட்டது. பழமும் வெயிலில் முதிர்ந்ததால், மழையில் பழுத்த முதலாண்டுப் பழத்தின் சப்பென்ற சுவை மாறித் தேனாக இனித்தது. காம்பருகே கழுத்து துவண்டு பழம் தலைகவிழும் வரை பறிக்கக் கூடாது. பறித்த பின் அத்தியில் இனிப்பு ஏறுவதில்லை.

கவாத்தின்போது வடியும் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் புண்ணாகும் என்ற எச்சரிக்கையும் துண்டறிக்கையில் இல்லை. பாலிலுள்ள ஃபுரானோகூமரின்கள் என்னும் வேதிப்பொருள்களே காரணம். என் மணிக்கட்டில் விழுந்த கருந்தழும்பு மறையப் பல வாரங்கள் ஆயின; கையுறையும் முழுக்கைச் சட்டையும் தவறாமல் அணிய வேண்டும்.

கன்றுக்காக மட்டுமே இத்தொகுப்பை ஏற்கலாம். அதே விற்பனையாளர் கன்றைத் தனியாகவும் விற்கிறார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். மீண்டும் வாங்க நேர்ந்தால் அதை மட்டுமே வாங்கி, அடியில் அகன்ற துளைகள் உள்ள 60 லிட்டர் தொட்டியில், மழை முடிந்ததும் நடுவேன்.