ஸ்பீச் தெரபி: ரெண்டு வருஷத்துக்கு மேல போய்ட்டு வர்ற ஆடுதுறை அம்மாவோட அனுபவம்

பையனுக்கு இப்ப நாலரை வயசு. ரெண்டேகால் வயசுல ஸ்பீச் தெரபி ஆரம்பிச்சோம், இன்னும் போய்ட்டுதான் இருக்கோம், ஆனா இப்ப மாசம் ஒருக்கா போனா போதும்னு ஆயிடுச்சு. ஆடுதுறை, குத்தாலம், திருவிடைமருதூர் பக்கம் நெறய பேர் எங்கிட்ட கேக்குறாங்க, தெரபி போனா பேசிருவானா, எவ்ளோ நாள் ஆகும், எவ்ளோ காசு ஆகும்னு. தனித்தனியா சொல்றதுக்கு ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். என் கருத்த மொதல்லயே சொல்லிடுறேன், தெரபி ரூம்ல நடக்குற அந்த 45 நிமிஷம் புள்ளைக்கு மட்டும் இல்ல, வீட்ல அவன்கூட இருக்கவங்களுக்கும் டிரெய்னிங். வீட்ல யார்கிட்ட அவன் அதிக நேரம் இருக்கானோ அவங்க கத்துக்கிட்டாதான் பலன் தெரியும். எங்க வீட்ல அது என் மாமியார்.

ரெண்டு வயசு வாக்குல ஒரு கொழந்தைக்கு சுமாரா அம்பது வார்த்தையாச்சும் இருக்கணும், 'பால் தா', 'அப்பா வா'னு ரெண்டு வார்த்தை சேத்து சொல்ல ஆரம்பிச்சிருக்கணும்னு டாக்டருங்க சொல்வாங்க. இவன் 'ம்மா', 'த்தா', மாட்ட பாத்தா 'ம்பே', அவ்ளோதான். ஏதாச்சும் வேணும்னா என் கைய புடிச்சு இழுத்துட்டு போய் பிரிட்ஜ் முன்னாடி நிப்பான். அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு, ஆம்பள புள்ள லேட்டாதான் பேசும்னு எல்லாரும் சொன்னாங்க. லேட்டா பேசுற புள்ளைங்கள்ல பல பேர் தானா பேசிடுறாங்கதான், ஆனா நாம சொல்றது புரியல, கை நீட்டி காட்டல, பேர் சொல்லி கூப்புட்டா திரும்பலன்னா அந்த புள்ளைய கண்டிப்பா காட்டணும். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ ஆர்.பி.எஸ்.கே டீம் வண்டில வருவாங்க பாருங்க, புள்ளைங்களுக்கு ஏதாச்சும் கொறை இருக்கான்னு பாக்குற, 2013லேந்து நடக்குற மத்திய அரசு திட்டம், அவங்கதான் பாத்துட்டு சீட்டு எழுதி மாவட்டத்துல இருக்க டி.இ.ஐ.சி சென்டருக்கு, அதாவது வளர்ச்சி கொறைய சீக்கிரமே கண்டுபுடிச்சு பாக்குற எடத்துக்கு அனுப்பினாங்க. அங்க குழந்தைங்க டாக்டர், காது டெஸ்ட், பிசியோ, ஸ்பீச் எல்லாம் ஒரே எடத்துல, காசு கெடையாது. இத பத்தி தெரியாமயே நெறய பேர் நேரா பிரைவேட்டுக்கு போறாங்க, அதுதான் எனக்கு ஆதங்கம்.

அங்க மொதல்ல எடுத்தது காது டெஸ்ட். கை தட்டினா திரும்புறானே, டிவி சத்தம் கேட்டு ஓடி வரானேன்னு நாங்க சொன்னோம். அது பத்தாதுங்க. சில புள்ளைங்களுக்கு கனமான சத்தம் கேக்கும், 'ஸ', 'ச' மாதிரி மெல்லிசான சத்தம் கேக்காது, சளி புடிச்சு காதுக்குள்ள நீர் கட்டிருந்தாலும் மந்தமாத்தான் கேக்கும். ஓ.ஏ.இனு காதுல சின்ன குழாய் வச்சு பாக்குற டெஸ்ட் ரெண்டு நிமிஷ வேல. சத்தம் காது நரம்பு வழியா மூளைக்கு போகுதான்னு பாக்குற பெரா டெஸ்டுக்குதான் தூங்க வைக்கணும், சிரப் குடுத்தாங்க, காலைலேந்து தூங்க விடாம கூட்டிட்டு வாங்கன்னாங்க, பஸ்ல இவன முழிச்சிருக்க வைக்கிறதுக்குள்ள நான் பட்ட பாடு. காது நார்மல்னு வந்துச்சு. ஒருவேள காதுல பெரிய கொறைன்னு வந்தா பயந்து முடங்கிடாதீங்க, ஆறு வயசுக்குள்ள இருந்தா காதுக்குள்ள கேக்குற கருவி வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துலயே வருது. எவ்ளோ சீக்கிரம் பண்றோமோ அவ்ளோ நல்லது.

அத்தை திருக்கோலக்காவுக்கு வேண்டிக்கிட்டாங்க. சீர்காழி பக்கத்துல, சம்பந்தருக்கு கெடச்ச பொன் தாளத்துக்கு ஓசை குடுத்த அம்மன், ஓசை கொடுத்த நாயகி. பேச்சு வராத புள்ளைங்கள அங்க கூட்டிட்டு போறது நம்ம பக்கத்து வழக்கம். நாங்களும் போனோம், அந்த சன்னதில நின்னப்ப எனக்கு அழுகைய அடக்க முடியல. வேண்டுதலும் பண்ணுங்க, காது டெஸ்டும் அதே வாரத்துல எடுத்துடுங்க. நாக்குல வசம்பு தேய்க்கிறது, தேன் தடவுறது மட்டும் வேணாம், அதுலயும் ஒரு வயசுக்கு கீழ இருக்க புள்ளைக்கு தேன் குடுக்கவே கூடாது, பொட்டுலிசம்னு உயிருக்கே ஆபத்தான வியாதி வரலாம். நாக்கு ஒட்டிருக்கு, வெட்டி விட்டா பேசிருவான்னும் சொல்வாங்க. நாக்கு ஒட்டிருந்தா சில எழுத்து சரியா வராம போகலாம், பேச்சே வராததுக்கு அது காரணம் இல்ல.

டி.இ.ஐ.சில தெரபிக்கு வாரம் ரெண்டு தடவ வரணும்னாங்க, அவ்ளோ தூரம் முடியலன்னு பக்கத்து ஊர்ல ஒரு பிரைவேட் சென்டர்ல சேத்தோம். பேர் சொல்ல விரும்பல. மூணு மாச பேக்கேஜ், மொத்தமா கட்டணும். புள்ளைய உள்ள கூட்டிட்டு போய் கதவ சாத்திடுவாங்க, நாங்க வெளில சேர்ல உக்காந்துருக்கணும், என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. கேட்டா பிளாஷ் கார்டு காட்டினோம்மாம்பாங்க. இவன் வீட்டுக்கு வந்து ஆப்பிள் படத்த பாத்து 'ஆப்பி'ன்னான், தண்ணி வேணும்னா பழையபடி கைய இழுத்தான். விசாரிச்சா அந்த பொண்ணு ஸ்பீச் படிச்சவங்களே இல்ல. இதுக்குன்னே பி.ஏ.எஸ்.எல்.பினு நாலு வருஷ படிப்பு இருக்கு, முடிச்சவங்க ஆர்.சி.ஐனு சொல்ற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணி நம்பர் வாங்கியிருப்பாங்க. அந்த நம்பர கேளுங்க, கேக்குறதுக்கு கூச்சப்படாதீங்க, நல்ல தெரபிஸ்ட் தயங்காம காட்டுவாங்க.

அப்புறம் கும்பகோணத்துல இப்ப போற மேடம்கிட்ட சேந்தோம். ஒரு செஷனுக்கு 400 ரூபா, அப்பப்ப குடுத்தா போதும். மொத நாளே என்னையும் அத்தையையும் உள்ள உக்கார வச்சுட்டாங்க. சோப்பு முட்ட ஊதுற டப்பா ஒண்ண எடுத்தாங்க, ரெண்டு தடவ ஊதினாங்க, இவன் குதிச்சு குதிச்சு உடைச்சான், மூணாவது தடவ மூடிய இறுக்கி மூடி அவன் கைல குடுத்துட்டு சும்மா இருந்துட்டாங்க. ஒரு வார்த்த பேசல. இவன் மூடிய திருப்பி பாத்தான், முடியல, என்ன பாத்தான், எனக்கு வாய் துறுதுறுங்குது, 'தொறக்கணுமா தங்கம்'னு கேக்க வந்துட்டேன், மேடம் கைய காட்டி வேணாம்னுட்டாங்க. இவன் டப்பாவ அவங்ககிட்ட நீட்டி அவங்க மொகத்த பாத்து 'ஊ'ன்னான். உடனே 'ஊது! முட்ட ஊது!'னு சொல்லிட்டு ஊதினாங்க. அவ்ளோதான் டெக்னிக். சந்தர்ப்பத்த உண்டாக்கு, காத்திரு, அவன் என்ன குடுத்தாலும் எடுத்துக்கிட்டு ஒரு வார்த்த கூட்டி திருப்பி குடு. 'அப்பா சொல்லு, அம்மா சொல்லு'னு பரீச்ச வைக்க கூடாது. இவன் ஏதாச்சும் பண்ணிட்டு இருந்தா பக்கத்துல உக்காந்து 'தண்ணி ஊத்துற, கோழி ஓடுது, நெல்லு கொத்துது'ன்னு சின்ன சின்னதா சொல்லிட்டே இருக்கணும்.

நான் வேலைக்கு போறவ, பகல் முழுக்க அவன் அப்பாயிகிட்டதான். அத்தைக்கு எழுத படிக்க வராது, மேடம் குடுத்த பேப்பர் அவங்களுக்கு உதவல. ஆனா அவங்க புடிச்சத நான் புடிக்கல. அத்தைக்கு சாப்புட்டதும் வெத்தல போடணும், இவன்தான் பொட்டிலேந்து ஒண்ணொண்ணா எடுத்து குடுப்பான், மொதல்ல வெத்தல, அப்புறம் பாக்கு, சுண்ணாம்ப மட்டும் தொட விடமாட்டாங்க. தெனம் அதே வரிச. ஒரு நாள் வெத்தலைய மடில பரப்பிட்டு பொட்டிய முந்தானைல மூடிட்டு கைய நீட்டிட்டு பேசாம உக்காந்துட்டாங்க. இவன் பொட்டிய தேடுறான், முந்தானைய இழுக்குறான், அவங்க அசையல. கொஞ்ச நேரம் கழிச்சு 'பாக்'ன்னான். 'பாக்கா? பாக்கு குடு, அப்பாயிக்கு பாக்கு குடு'ன்னு அத்தை கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். அவன் மொத மொத தானா, தேவைக்கு சொன்ன வார்த்த அதுதான். மேடம்கிட்ட சொன்னப்ப அவங்க அடுத்த ரெண்டு மாசத்துக்கு பிளானயே அப்பாயி பண்ற வேலைய வச்சு போட்டாங்க, கோழிக்கு எற போடுறது, மோட்டார் கொட்டாய்ல தண்ணி, சாயங்காலம் வெளக்கேத்துறது. இந்த எடத்துலதான் எனக்கு அவங்கமேல முழு நம்பிக்க வந்துச்சு.

போன் பத்தி சொல்லணும். நடவு, அறுவட நேரத்துல எங்க தெருவுல பாதி வீட்ல புள்ளைங்கள போன்தான் பாத்துக்குது. ரெண்டு வயசு வரைக்கும் ஸ்கிரீனே வேணாம், ரெண்டுலேந்து அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு இந்திய குழந்தைகள் மருத்துவர் சங்கமே சொல்லிருக்கு. இங்கிலீஷ் பாட்டு பாத்து கலர் பேரு, ஏ பி சி டி எல்லாம் ஒப்பிக்கிற புள்ளைக்கு பசிக்குதுன்னு சொல்ல வரல, இத நான் வெயிட்டிங் ஹால்ல எத்தனயோ பேர்கிட்ட பாத்துட்டேன். அதே மாதிரி ஸ்கூல்ல சேக்கணும்னு வீட்லயும் இங்கிலீஷ்ல பேசுறாங்க. ரெண்டு மொழி கேக்குறதால பேச்சு லேட்டாகாது, அது சரிதான், ஆனா நமக்கு சரளமா வராத மொழில பேசினா புள்ளைக்கு கெடைக்கிற பேச்சே கொறஞ்சு போயிடுது. வீட்ல வீட்டு பேச்சே பேசுங்கன்னுதான் மேடமும் சொன்னாங்க.

முன்னேற்றம் நேர் கோடா வராது. மொதல்ல புரிஞ்சுக்கிறது கூடுச்சு, அப்புறம் வெரல் நீட்டி காட்டினான், அப்புறம்தான் வார்த்த. ஒரு பத்து பதினஞ்சு வார்த்தைல மாசக்கணக்கா அப்படியே நின்னுட்டான், அந்த நேரத்துலதான் நெறய பேர் விட்டுடுறாங்க, நானும் ரொம்ப சோர்ந்து போயிருந்தேன். மேடம் அசெஸ்மென்ட் பேப்பர எடுத்து காட்டினாங்க, பேச்சு நின்னுருந்தாலும், எத்தன வயசு புள்ள அளவுக்கு புரிஞ்சுக்கிறான்ங்கிறது ஏறிட்டே வந்துருந்துச்சு. ஐப்பசி கார்த்திகைல மழ, பஸ்சு ஒழுங்கா வராது, பல வாரம் போகவே முடியல, அப்ப சாப்புடுறப்ப வெளையாடுறப்ப சின்ன வீடியோ எடுத்து வாட்ஸப்ல அனுப்ப சொல்லி, நான் எந்த எடத்துல அவசரப்பட்டேன்னு பாத்து வாய்ஸ் மெசேஜ் போடுவாங்க. நேர்ல போறதவிட அது எனக்கு அதிகமா கத்து குடுத்துச்சு. கொறைன்னா, இவங்ககிட்ட கூட்டம் அதிகம், டைம் குடுத்தாலும் ஒரு மணி நேரம் காக்கணும், சின்ன எடம், பசில அழற புள்ளைங்களோட கஷ்டம்தான். ஊர்ல ஸ்பீச் தெரபிஸ்ட் எண்ணிக்கையே கம்மி, அவங்கள குத்தம் சொல்ல மனசு வரல.

இப்ப எல்.கே.ஜி போறான். முழு வாக்கியம் பேசுறான், கேள்வி மேல கேள்வி, ஸ்கூல்லேந்து வந்ததும் அப்பாயிகிட்டதான் மொத ரிப்போர்ட். கதைய வரிசையா சொல்ல இன்னும் தடுமாறுறான், 'ர' 'ல' ஆகுது, 'ழ' சுத்தமா வரல. அதுக்கு அஞ்சாறு வயசு வரைக்கும் டைம் இருக்கு, இப்ப போய் வற்புறுத்த வேணாம்னுட்டாங்க. அடுத்த அசெஸ்மென்ட் பொங்கல் கழிச்சு. யாராச்சும் ரெண்டு வயசு புள்ளைய வச்சுக்கிட்டு யோசிச்சிட்டு இருந்தா நாளைக்கே அங்கன்வாடி டீச்சர்கிட்ட சீட்டு கேளுங்க, சென்டர்ல சேக்குறதுக்கு முன்னாடி 'நாங்களும் உள்ள உக்காரலாமா'ன்னு கேளுங்க, முடிஞ்சா பகல்ல புள்ளைய பாத்துக்கிறவங்களயும் கூட கூட்டிட்டு போங்க.