பெட்ரோல் டேங்குக்கு மேலே தரையை வெட்டி மூடி போட்டது: சில வருட அனுபவம்

குளச்சல் பக்கம் கடலோரத்தில் நிற்கிற வண்டிக்கு அடிப்பாகம்தான் முதலில் போகும். எங்கள் பழைய பெட்ரோல் வேனில் டேங்கைத் தாங்குகிற பட்டையின் போல்ட்டுகள் உப்புக்காற்றில் இறுகிவிட்டன. பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப்போ டேங்குக்குள்ளே. பல வண்டிகளில் பம்ப்பை மேலிருந்தே எடுக்க, பின்சீட்டுக்கு அடியிலேயே கம்பெனி ஒரு மூடி வைத்திருக்கும். எங்கள் வண்டியில் இல்லை. 2020-ல் பம்ப் போனபோது, இனி ஒவ்வொரு தடவையும் அந்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்ட முடியாது என்று தரைத் தகட்டை வெட்டி மூடி போட்டோம்.

ஆனால் முதல் தடவை டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டும். அப்படியே வெட்டித் தருகிறேன் என்று சொல்கிற ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள். பூஜ்யத்துக்கு ஏறத்தாழ 40 டிகிரி கீழேகூட தீப்பிடிக்கிற அளவுக்கு பெட்ரோல் ஆவி விடும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். காலி டேங்க்தானே என்று நினைப்பதும் தப்பு. ஆவியும் காற்றும் கலந்து நிற்பது அதில்தான்.

எங்கள் மெக்கானிக் டேங்கை ஷெட்டுக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் டிரில்லைத் தொட்டார். "கிரைண்டர் வேண்டாம் அண்ணே, ஓரத்துல பெயின்ட் கருகிரும். பொறவு துரு அங்கதான் ஏறும், பாத்துக்கிடுங்க" என்றார். கீழே ஓடுகிற பிரேக் பைப்பையும் ஒயரையும் பார்த்துவிட்டு, தகட்டின் மேடான வரிகளைத் தொடாமல், நாலு மூலையிலும் வட்டத் துளை போட்டு, தகரக் கத்தரியால் வெட்டினார். மூலை கூராக இருந்தால் நாளாக நாளாகத் தகடு அங்கிருந்து கிழியும்.

வெட்டு வேலை நன்றாக நின்றது. பாடாய்ப் படுத்தியது மூடிதான். அதை வேறொரு இடத்தில் செய்தோம். அவர்கள் ஃபோம் பட்டை ஒட்டி, தகர ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தார்கள். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அடியிலிருந்து தெறித்த தண்ணீரை ஃபோம் குடித்து வைத்துக்கொண்டது. ஓரம் முழுக்க துரு. ஸ்க்ரூவின் கூர்முனைகள் வேறு கீழே நீட்டிக்கொண்டு பெட்ரோல் ஹோஸுக்குப் பக்கத்தில் நின்றன. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூடி சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் வாசமும் சைலன்சர் புகையும் நேராக வண்டிக்குள் வரும், அதையும் மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும் கழற்றி, துருவைச் சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடித்தோம். வெட்டிய இடத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு இஞ்ச் பெரிதாக ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு, அடியில் கெட்டி ரப்பர் ஷீட், ரிவெட் நட்டில் (தகட்டிலேயே இறுக்கிப் பதிக்கிற நட்) குட்டை போல்ட். புளிப்பு வாடை வரும் சிலிக்கோனைத் தொடவே இல்லை, அது வெறும் இரும்பை அரிக்கும். அதற்குப் பிறகு ஓரத்தில் துரு இல்லை, உள்ளே வாசமும் இல்லை.

பிறகு டேங்குக்குள் பெட்ரோல் அளவைக் காட்டும் மீட்டர் மிதவை கெட்டபோது டேங்கைத் தொடாமலே மாற்றினோம். அரை நாள் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. திறப்பதற்கு முன் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு லைனில் பிரஷரை இறக்கிவிடுங்கள். பேட்டரி ஒயரையும் கழற்றுங்கள். பம்ப்பைச் சுற்றிக் கடற்கரை மணல் சேர்ந்திருக்கும்; பிரஷ்ஷால் துடைக்காமல் பம்ப்பை டேங்கோடு பூட்டியிருக்கும் வளையத்தைக் கழற்றினால் அத்தனையும் டேங்குக்குள் விழும். அதன் அடியில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஈரம் கசியவில்லை என்று பார்த்த பிறகு மூடியைப் பூட்டுங்கள்.