கப்பல் டூர் போற ஆக்கள் கவனம்: ‘ட்ரிங்ஸ் எல்லாம் சும்மா’ எண்டா நம்பிடாதீங்க

இப்ப நம்மட மட்டக்களப்பு டவுன்ல சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் கப்பல் டூர் எண்டு போஸ்டர் அடிச்சு வாட்ஸப் குரூப்பெல்லாம் அனுப்பிட்டு இரிக்காங்க, கல்லடி, ஆரையம்பதி, கல்முனைப் பக்கமெல்லாம் ஆக்கள் விசாரிக்கிறதாக் கேள்வி, அதனாலதான் இத எழுதுறன். நாங்க குடும்பத்தோட போய் வந்த கப்பல் நல்ல கப்பல். சாப்பாடு திறம், கெபின் சுத்தம். குடிக்கிற சாமான்லதான் சுத்துமாத்து. சாராயம் பியரச் சொல்லல, தண்ணி, சோடா, தேத்தண்ணி இதத்தான் சொல்றன்.

புக் பண்ணக்குள்ள ஏஜன்ட் தம்பி சொன்ன கத, “அண்ண, உள்ள ஏறினாச் சரி, சாப்பாடு ட்ரிங்ஸ் எல்லாம் சும்மா, பொக்கட்டுக்க கை வெக்கத் தேவையில்ல.” ஏறிப் பாத்தா டிக்கட்டோட சும்மா வாறது பஃபேல உள்ள தண்ணி, சாதாரண டீ கோப்பி, காலையில மெஷின்ல வாற ஜூஸ், அவ்வளவுதான். டின்ல போத்தல்ல வாறது, புழிஞ்ச தோடம்பழ ஜூஸ், கோப்பிக் கடையில போடுற கோப்பி எல்லாத்துக்கும் காசு. அதுவும் டொலர்ல.

முதல் அடி விழுந்தது அம்மாக்கு. சிங்கப்பூர்ல ஏறக்குள்ளயே நாங்க கொண்டு போன தண்ணிப் போத்தல் எல்லாத்தையும் ஸ்கேன்ல பாத்து எடுத்து வெச்சிட்டாங்க, ரூலாம். கெபினுக்க போனா மேசையில ரெண்டு தண்ணிப் போத்தல் அழகா நிக்கிது, கழுத்துல ஒரு அட்ட தொங்குது, அட்டைக்கு முன்பக்கம் வெல்கம் எண்டு பெரிசா, பின்பக்கம் பொடி எழுத்துல வில. கண்ணாடி போட்டாலும் அம்மாக்கு அது தெரியாது, பிரஷர் குளிச போடுறதுக்கு ஒண்ட ஒடச்சுட்டா. மறுநாள் பாத்தா நாலர டொலர், அதுக்கு மேல சேர்விஸ் சார்ஜ். “என்ன மனே, தண்ணிக்குமா இவ்வளவு?” எண்டு கேட்டுட்டு, புறகு இறங்கும் வரைக்கும் மனிசி அந்த மேசப் பக்கமே போகல்ல.

நம்மட நாட்டுல 2025 ஏப்ரல்ல இருந்து அர லீற்றர் தண்ணி 70 ரூவா, ஒரு லீற்றர் 100 ரூவா எண்டு வர்த்தமானியில போட்டு இரிக்கு, கூட வித்தா நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 அடிச்சு முறைப்பாடு குடுக்கலாம். கப்பல்ல ஆருக்கு அடிக்கிற? இந்தக் கப்பல்கள் முக்காவாசி பஹாமாஸ், பனாமா எண்டு எங்கயோ பதிஞ்சது, நடுக்கடலுக்குப் போனா அவங்க வெச்சதுதான் வில.

மறுகா சோடா பெக்கேஜ். ஏறின உடனயே வழியில மேசையப் போட்டு சிரிச்சுச் சிரிச்சு விக்கிறாங்க, பிள்ளையளும் கைய இழுக்குது. ஒரு நாளைக்கு மட்டும் தாங்கண்டா தரமாட்டாங்க, முழு டூருக்கும் எடுக்கணும். பேசின விலைக்கு மேல 18 வீதம் சேர்விஸ் சார்ஜ், சில கப்பல்ல 20 வீதம். பெக்கேஜுக்கு ஒரு கோப்ப தருவாங்க, அடியில சிப் இரிக்கு, ஒருக்கா மெஷின்ல புடிச்சா கொஞ்ச நேரத்துக்கு மறுபடி வராது. மெஷினும் எல்லாத் தட்டுலயும் இல்ல, நாங்க இருந்த தட்டுல இருந்து லிஃப்ட் ஏறி இறங்கி நடந்து போய்ப் பாத்தா இரவுல பூட்டி இரிக்கும். சரியெண்டு பார்ல கேட்டா வெயிட்டர் டின்ன ஒடச்சு ஐஸ் போட்ட கிளாசுல ஊத்தித் தந்துட்டு, காசு ஏத்த கார்ட வாங்கிட்டுப் போறார். பெக்கேஜ் இரிக்கே எண்டா, அது மெஷின்ல வாறதுக்குத்தானாம், டின்னுக்கு இல்லியாம். டின்ன ஒடைக்க முன்ன ஒரு வார்த்த சொன்னா என்ன?

கனடாவுல இருந்து வந்த அண்ணருக்கு வேற கத. மனுசன் பியர் பெக்கேஜ் எடுப்பம் எண்டு போனா, ஒரே கெபின்ல இரிக்கிற பெரியாக்கள் எல்லாரும் எடுக்கணுமாம். வாயில ஒரு சொட்டும் வெக்காத அண்ணிக்கும் சேத்துக் காசு கட்டணும், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 60 டொலருக்கு மேல. அண்ணர் வேண்டாம் எண்டுட்டு கிளாஸ் கிளாஸா வாங்கினார், அதுதான் புத்தி.

ரிசீட் விஷயம் முக்கியம், வடிவா வாசிங்க. சேர்விஸ் சார்ஜ் ஏற்கெனவே கூட்டித்தான் பில் வரும், அதுக்குக் கீழ இன்னொரு வெறும் கோடு விட்டிருப்பாங்க, எக்ஸ்ட்ரா டிப் எண்டு. கட்டாயமாக்கும் எண்டு நினச்சு அண்ணி ஒவ்வொரு தடவையும் ரெண்டு டொலர் எழுதிட்டு வந்திரிக்கா. இதுக்கு வெளியால ஒவ்வொரு ஆளுக்கும் நாளுக்கு இவ்வளவு எண்டு இன்னொரு டிப்பும் ரூம் கணக்குல தானா ஏறும். அந்தக் கோட்டுல ஒண்டும் எழுதாம சைன் வெச்சாச் சரி.

தேத்தண்ணியப் பத்திச் சொல்லாம விட ஏலா. காலையில பஃபேக்குப் போனா வாற சுடுதண்ணி சூடே இல்ல, அதுக்க டீபேக்கப் போட்டா பிள்ளைக்கு மருந்து கரச்ச மாதிரி ஒரு நிறம் வரும். இஞ்சி போட்ட பிளேன்டீ கேட்டன், அந்தப் புள்ள பாவம், ஒரு எலுமிச்சந் துண்டக் கொண்டந்து வெச்சிது. கொதிக்கிற தண்ணியில ஒழுங்கான தேத்தண்ணி வேணுமெண்டா கீழ கோப்பிக் கடை, அங்க காசு. பஃபேல போத்தலுக்கு நேரடியாத் தண்ணி புடிக்க விடுறாங்க இல்ல, வயித்தோட்டம் வாந்தி பரவுமாம், அது நியாயம், கப்பலுக்க ஒராளுக்கு வந்தா கெதியாப் பரவிடும். கிளாசுல புடிச்சு போத்தலுக்க ஊத்துங்க, ஒண்டும் சொல்லமாட்டாங்க.

வேல செய்ற ஆக்களுல பிழ இல்ல, நல்ல பிள்ளையள், நாள் முழுக்க ஓடுதுகள். டிக்கட்ட மலிவாக் குடுத்துட்டு உள்ளுக்க உழைக்கிறதுதான் இந்த யாவாரம், பெரிய கம்பனிகள்ட வருமானத்துல கிட்டத்தட்ட மூண்டுல ஒரு பங்கு இப்பிடி பார், கசினோ, டூர் எண்டுதான் வாறது.

பில்ல கெபின் டிவியிலயோ ஆப்லயோ ஒவ்வொரு இரவும் பாருங்க. நாங்க இடையில போய்க் காட்டின நேரம், எடுக்காத ஜூஸ் ஒண்டு ஏறியிருந்தத கவுண்டர்ல சண்டையில்லாம அழிச்சாங்க. கடைசி இரவு போனா கியூ படிக்கட்டு வரைக்கும் நிக்கிது, ஆரும் உங்கட நாலு டொலருக்கு நேரம் ஒதுக்க மாட்டாங்க. க்ரெடிட் கார்டக் குடுத்தா ஏறக்குள்ளயே ஒரு தொகையப் புடிச்சு வெப்பாங்க, இறங்கின புறகு அது விடுபட நாளெடுக்கும், அந்தக் கார்ட நம்பி சிங்கப்பூர்ல சாமான் வாங்கப் போயிடாதீங்க.

ஊருக்கு வந்து ஏஜன்ட் தம்பிக்கிட்டக் கேட்டா, “அது கப்பல்ட ரூல் அண்ண, நமக்குத் தெரியாதே” எண்டு சொல்லிட்டு இப்ப ஃபோன் தூக்கிறல்ல. டிசம்பர் டூருக்கு அட்வான்ஸ் கட்டின ஆக்கள் இரிந்தா, பெலன்ஸ் கட்ட முன்ன எது சும்மா எது காசு எண்டு அவங்கட கம்பனி லெட்டர்ஹெட்ல எழுதி சைன் வாங்குங்க. எழுதித் தரமாட்டன் எண்டா பெலன்ஸக் கட்டாதீங்க.